யானை வாங்கியவர் அங்குசம் பிடிக்கவும் பழக வேண்டும்!

யானையை விலைக்கு வாங்குவது பெரிய காரியமல்ல. அதற்குத் தீனி போடுவதுதான் பெரிய காரியம். நம் பெரியவர்கள் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆசை யாரை விட்டது? என்னையும் விடவில்லை.

ஒரு புதுச் சின்னக் கார் வாங்குகிற பணத்தில் பாதிகூட ஆகவில்லை. 1988-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் பென்ஸ் ஒன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றது. சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தார் கூடவே கொண்டுவந்த வண்டி அது. 230ஈ என்று பின்னால் எழுதியிருக்கும். என் மனைவி ஆரத்தி சுற்றினாள். எதிர் வீட்டுக்காரர் அன்றுமுதல் என்னைப் பார்த்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நிற்கத் தொடங்கினார்!

மூன்றாவது வாரம் மகிழ்ச்சி முடிந்தது. முகப்பில் பிரேக் சம்பந்தமான மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணையவே இல்லை. சிக்னலில் நின்றால் என்ஜின் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. பெரிய ஒர்க் ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஏ.ஸி. அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். “கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, சார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆகும்” என்றார். அந்தக் காப்பியின் விலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில், பழைய பென்ஸ் வண்டிகளோடு 40 வருஷம் பழகிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறந்தார். பாட்டரிக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தடுப்பை உருவி எடுத்தார். அதற்குள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளை உலோகப் பெட்டி. அதன் தலையில் சிவப்பு நிறத்தில் 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று. அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கம்பி எரிந்து கிடந்தது. புதிது ஒன்றைச் சொருகினார். விளக்கு அணைந்தது. நடுக்கம் நின்றது!

“என்ன கொடுக்கட்டும்?” என்றேன்.

“ஒரு டீ வாங்கிக் குடுங்க சார். இந்தப் பெட்டிக்கும் வயசாயிடுச்சு. உள்ளே பற்றவைப்பு விட்டுப் போயிருந்தா ஒரு நாள் இதையே மாத்த வேண்டியிருக்கும். அதுவரைக்கும் ஓடும்” என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: “இந்த மாதிரி வண்டியை வச்சுக்கணும்னா நீங்களே கொஞ்சம் தெரிஞ்சுக்கணும் சார். இல்லேன்னா வித்துடுங்க.”

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை. பழைய சொகுசுக் காரை வைத்திருப்பவர் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள மனம் இல்லாதவர் அதை வாங்கவே கூடாது. இது என் அபிப்பிராயம்.

விலை இறங்கும், ஸாமான் விலை இறங்காது

பழைய பெரிய கார் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? இதை யோசிக்காமல்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வருஷம் ஆக ஆக வண்டியின் விலை சரிகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் ஸாமான்களின் விலை சரிவதில்லை. பென்ஸ் காரின் பிரேக் தட்டு, வண்டி புதிதாக இருந்தபோதும் பென்ஸ் காரின் பிரேக் தட்டுத்தான். முப்பது வருஷம் கழித்தும் அதுவேதான். அதாவது, நீங்கள் வாங்கும்போது கொடுப்பது சின்னக் காரின் விலை. பராமரிக்கும்போது கொடுப்பது பெரிய காரின் விலை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாத குடும்பங்கள், ஆசைக்கு வாங்கிய வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, கொசு வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த ஸாமான் விலையை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் கூலியையும் தவறான வைத்தியத்தையும் குறைக்கலாம். நான் பார்த்தவரையில், பணம் அதிகமாகப் போவது தவறான வைத்தியத்தில்தான். நோய் ஒன்று, மருந்து ஒன்று! ஐந்து ரூபாய் பியூஸுக்குப் பதில் ஒன்றே முக்கால் லட்ச ரூபாய்ப் பெட்டி!

திறந்து பார்க்கச் சொல்லும் வண்டி

என் வண்டியின் ஜாதகத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். டபிள்யூ 124 என்று தொழிற்சாலையில் பெயரிடப்பட்ட இந்த வரிசை, 1984-ஆம் வருஷக் கடைசியில் வெளிவந்தது. அப்போது அந்தக் கம்பெனியில் உருவமைப்புக்குத் தலைவராக இருந்தவர் இத்தாலியில் பிறந்த புரூனோ ஸாக்கோ. உலகம் முழுவதும் 25 லட்சத்துக்கு மேல் இந்த வண்டி விற்றது. 1995-இல் மெர்ஸிடிஸ் பென்ஸ் இந்தியாவில் கார் செய்யத் தொடங்கியபோது, புனாவில் முதல் முதலாகப் பூட்டிக் கொடுத்ததும் இதே வரிசைதான். ஆகையால் நம் ஊர்களில் இது இன்னும் கண்ணில் படுகிறது.

இதன் முன்கண்ணாடியைத் துடைக்க ஒரே ஒரு வைப்பர்தான். ஆனால் அது வெறுமே அரைவட்டம் போடாது. மூலைக்குப் போகும்போது நீண்டு, நடுவில் வரும்போது சுருங்கி, கண்ணாடியில் நூற்றுக்கு 86 பங்கைத் துடைத்துவிடும். பானெட்டைச் சாதாரணமாகத் திறந்தால் பாதிதான் எழும்பும். ஒரு கொக்கியைத் தள்ளிவிட்டால் கோவில் கொடிமரம் போல நேராக நிமிர்ந்து நிற்கும். எதற்காக? வேலை செய்கிறவன் தலை இடிக்காமல் உள்ளே குனிந்து பார்ப்பதற்காக! செய்தவர்களே, “திறந்து பார், ஐயா” என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நாம்தான் திறக்கப் பயப்படுகிறோம்.

முதலில் சாவது இரும்பல்ல, ரப்பர்

பழைய கார் என்றால் என்ஜின் தேய்ந்துபோயிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எண்ணெயை நேரத்தில் மாற்றிய நல்ல என்ஜின் அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் சாவது ரப்பர். அடுத்தது பிளாஸ்டிக். அதற்கடுத்தது ஒயரின் மேலுறை. நம் ஊர் வெயிலில் இந்த மூன்றும் இன்னும் வேகமாகச் சாகும்.

ரேடியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஹோஸ் மாட்டும் மூக்கு பிளாஸ்டிக்கால் ஆனது. வயதானால் அது பிஸ்கோத்தைப் போல உடையும். உடைந்தால் ஒரு நிமிஷத்தில் தண்ணீர் முழுவதும் ரோட்டில். கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் தலை வளைந்து, காஸ்கெட் போய், செலவு லட்சத்தைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அந்த மூக்கையும் ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டிலும் வட்டமான ரப்பர் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் விரிசல் கண்டால் தள்ளிப்போடக் கூடாது.

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்பு படிவதை நாம் பார்த்ததில்லையா? அதே உப்புத்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. வாலைத் தண்ணீரும் கூலண்டும் சரி பாதியாகக் கலந்து ஊற்றினால் கொதிநிலையும் உயரும், துருவும் தடைபடும்.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. 2023-இல் ஆரம்பித்து, 2025-க்குள் நாடெங்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் என்னும் சாராயம் கலக்கப்படும் நிலை வந்துவிட்டது. 1980-களில் செய்த ரப்பர் ஹோஸ்கள் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சாராயம் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், எரிபொருள் ஹோஸ்களை இந்தக் கலவைக்கு ஏற்ற புது ரகமாக மாற்றிக்கொள்வது நல்லது. பானெட்டுக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லக்கூடாது. அந்த நாளை வராமலே போகலாம்.

கையிருப்பு என்ன வேண்டும்?

நம்மால் செய்யக்கூடிய வேலைகள் எவ்வளவோ இருக்கின்றன. என்ஜின் ஆயிலும் பில்டரும் மாற்றலாம். காற்று பில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட், வைப்பர் ரப்பர் மாற்றலாம். கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களில் அடைத்த வேப்பிலையை வழித்து எடுக்கலாம். இது அற்ப வேலை என்று நினைக்கவேண்டாம். அந்தத் துவாரம் அடைபட்டால் மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து, ஏ.ஸி. காற்று ஊதும் மோட்டாரைக் கெடுத்துவிடும்.

என் வண்டியில் பழைய மாதிரி பியூஸ்கள். சின்ன மாத்திரைக் குப்பி போல நீளமாக, இரு முனையும் கூராக இருக்கும். வெள்ளை என்றால் 8 ஆம்பியர். சிவப்பு என்றால் 16. வருஷக் கணக்கில் அசையாமல் இருந்தால் முனைகளில் களிம்பு ஏறிவிடும். ஒரு நாள் ஹார்ன் அடிக்காது. மறுநாள் ஜன்னல் இறங்காது. அந்தப் பியூஸை அதன் இடத்திலேயே விரலால் நாலு தடவை உருட்டிவிடுங்கள். பாதித் தொல்லை தீரும்! இதற்கு எந்தக் கல்லூரியிலும் படிக்க வேண்டியதில்லை.

நல்ல ஸ்பானர் செட் ஒன்று, மின்சாரம் பார்க்க மீட்டர் ஒன்று, இன்ன அளவுக்குத்தான் முறுக்க வேண்டும் என்று காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று: இவை இருந்தால் போதும். டார்க் ரெஞ்சு எதற்கு என்று கேட்பீர்கள். முதல் தடவை ஆயில் மாற்றியபோது, “கெட்டியாக இருக்கட்டும்” என்று முழுப் பலத்தோடு போல்ட்டை முறுக்கி, மரையைத் தின்றுவிட்டவன் நான். ஆயிலுக்கு ஆன செலவைவிட மரை போட ஆன செலவு ஜாஸ்தி.

இன்னொன்று, பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரியாகிவிடுகிறது. ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். நாமே செய்யவேண்டும் என்பதில்லை. நினைவு வைத்துக்கொண்டு மாற்றச் சொன்னாலே போதும்.

டயரையும் பாருங்கள். பூ தேயவில்லை என்று பெருமைப்படாதீர்கள். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்களைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் பிறந்த டயர். ஆளைப் போலவே டயருக்கும் முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது!

அந்த ஸ்டெப்னி இல்லாவிட்டால்...

இவ்வளவு தூரம் கேட்டுவிட்டு, உடனே சட்டையைக் கழற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடாதீர்கள். நான் நுழைந்தவன். அதனால்தான் சொல்லுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறதென்று வண்டியை ஜாக்கியில் தூக்கினேன். இந்த மாடலில் ஜாக்கியை நுழைப்பதற்கென்று கதவுக்குக் கீழே துவாரங்கள் உண்டு. அவற்றைப் பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். மூடிக்குப் பின்னால் பல வருஷமாக ஈரம் தங்கித் துரு தின்றிருப்பது வெளியே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைக்கப் போனபோது என் மனைவி, “என்னங்க, அதை அங்கே ஏன் வைக்கிறீங்க? வண்டிக்கு அடியிலே தள்ளி வையுங்க. கீழே விழுந்தா அதன் மேலேயாவது விழட்டும்” என்றாள். மோட்டாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே, அவளைத் திருப்திப்படுத்துவதற்காக ஸ்டெப்னியையும் சேர்த்து இரண்டையும் அடியில் தள்ளினேன்.

பாய் விரித்து உட்கார்ந்தேன். டார்ச் லைட்டை எடுக்கத் திரும்பினேன். ‘மடக்’ என்று ஒரு சத்தம். துருப்பிடித்த தகடு மடிந்தது, ஜாக்கி சாய்ந்தது, ஒன்றரை டன்னுக்குக் கிட்டத்தட்ட எடையுள்ள வண்டி இறங்கிச் சக்கரங்களின்மேல் உட்கார்ந்தது. இன்னும் அரை நிமிஷம் கழித்து நடந்திருந்தால் நான் உள்ளே இருந்திருப்பேன். அன்று மாலை வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மோரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகையால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் தனியாக விற்கின்றன. அவற்றைச் சமதளமான கெட்டித் தரையில், துருப்பிடிக்காத இடத்துக்குக் கீழே வைத்த பிறகே உடம்பின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகவேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. முன்சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங் பயங்கரமான அழுத்தத்தில் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று உள்ள கருவியும் பயிற்சியும் இல்லாதவன் அவிழ்த்தால் அது பீரங்கிக் குண்டு. ஸ்டியரிங்கில் காற்றுப்பை இருந்தால் அதைத் தொடவேண்டாம். எரிபொருள் குழாயில், என்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இருக்கும். பிரேக்கைக் கழற்றிப் பூட்டும் வேலையைத் தெரிந்தவர் அருகில் இல்லாமல் செய்யக்கூடாது. நம் தவறுக்கு ரோட்டில் போகும் ஒரு குழந்தை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

மெக்கானிக் வயிற்றில் அடிப்பதா?

“எல்லாரும் தானே செய்துகொண்டால் மெக்கானிக்குகள் என்ன ஆவது?” என்று ஒரு சிநேகிதர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு நடந்தது நேர்மாறு. கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகுதான் நல்ல தொழிலாளியின் அருமை எனக்குத் தெரிந்தது. புதுப்பேட்டைப் பெரியவர் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவதை, நான் நாலு ஞாயிற்றுக்கிழமை புரட்டியும் கண்டுபிடிக்க முடிவதில்லை. இப்போது அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன். சங்கீதம் தெரிந்தவன்தானே வித்வானுக்குத் தலையாட்ட முடியும்? ஒன்றும் தெரியாத முதலாளிதான் நல்லவனோடு பேரம் பேசிவிட்டு, காப்பி கொடுத்து ஏமாற்றுகிறவனிடம் லட்சங்களைக் கொட்டுகிறான்.

இன்னொரு தடை நம் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரிய காருக்குச் சொந்தக்காரர் கையில் கரி படலாமா? எதிர் வீட்டுக்காரர் என்னைக் கைலியும் கிரீஸுமாகப் பார்த்த அன்றிலிருந்து எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டார்! போகட்டும். கையால் செய்கிற வேலை கேவலம் என்ற எண்ணம் நம் சமூகத்தை எவ்வளவோ காலமாகப் பிடித்த நோய். நம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு எந்த எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்தார்? இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டித்தான் யந்திரத்தைக் கற்றார். அந்தக் கரி படிந்த கைதான் பிறகு தொழிற்சாலைகளைக் கட்டியது. என் மகள் இப்போது ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கிறாள், ஸ்டெப்னி மாற்றுகிறாள். நட்ட நடு ரோட்டில் யாரையும் கெஞ்சி நிற்கவேண்டிய அவசியம் அவளுக்கு வராது.

வாங்குமுன் ஒரு வார்த்தை

ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ பெரிய கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டி மெருகேறி மலிவு விலைக்கு வரலாம். தரைக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், இருக்கையின் அடி போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, சர்க்கார் செலவு. 15 வருஷம் ஆன வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், இறக்குமதியான காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 20 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் இது இரட்டிப்பாயிற்று. இதையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வாங்கிய விலையில் பாதியையாவது முதல் வருஷ ரிப்பேருக்கென்று தனியாக எடுத்துவைக்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அதில் ஒன்றும் வெட்கமில்லை.

என் வண்டி இன்னும் ஓடுகிறது. சில நாள் முணுமுணுக்கிறது. சில நாள் அடம் பிடிக்கிறது. அப்போதெல்லாம் நான் பயப்படுவதில்லை. பானெட்டைத் திறந்து, “என்ன அப்பா, எங்கே வலிக்கிறது?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் அது பதில் சொல்லிவிடுகிறது.

யானை வளர்க்க ஆசைப்படுவது தப்பில்லை. அங்குசத்தைப் பாகனிடம் மட்டும் விட்டுவிட்டு, அம்பாரியில் உட்கார்ந்து தூங்குவதுதான் தப்பு!